அரை விழுக்காட்டில் தொடங்கிய சுமை
(விழாக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

விற்பனை வரி என்னும் சொல்லைக் கேட்டவுடன், அது வணிகருக்கும் அரசுக்கும் இடையே உள்ள செய்தி என்று குடும்பத்தார் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். வணிகரோ அதனை மாதந்தோறும் கணக்கரிடம் ஒப்படைக்க வேண்டிய தாள்களின் கட்டு என்று கருதுகின்றனர். இரு சாராரும் அதன் ஒரு பகுதியையே காண்கின்றனர். வரியைச் சட்டம் விதிக்கிறது, கடைக்காரர் வாங்கிச் செலுத்துகிறார், வாங்குபவர் கொடுக்கிறார். இம்மூவரில் எவர் தலையில் அதன் எடை கடைசியாக இறங்குகிறது என்பதே இந்த உரையின் பொருள்.

தமிழ்ச் சமணக் குடும்பங்கள் மிகுதியாக வாழும் ஆரணி, போளூர், வந்தவாசி, திண்டிவனம் பகுதிகளில் நெல்லும் அரிசியுமே வாழ்வின் அடிப்படை. நிலம் வைத்திருப்போர், மண்டி நடத்துவோர், அரவை ஆலை வைத்திருப்போர், மளிகைக் கடை வைத்திருப்போர், மாதச் சம்பளத்தில் அரிசி வாங்குவோர் என அனைவரும் ஒரே உறவு வட்டத்தில் இருக்கின்றனர். ஆகவே, வரி உயர்வு என்பது இங்கே ஒருவருடைய இலாபமும் மற்றொருவருடைய இழப்பும் அன்று. ஒரே குடும்பத்தின் இரு கைகளுக்கு இடையே நிகழும் செய்தி.

மதுவிலக்கும் விற்பனை வரியும்

இந்த வரியின் பிறப்பிடமே இந்த மாநிலம்தான் என்பது பலர் அறியாதது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் பொருள்களின் விற்பனைமீது வரி விதிக்கும் உரிமையை மாகாணங்களுக்கு வழங்கியது. 1938இல் மத்திய மாகாணம் மோட்டார் எரிபொருள் விற்பனைக்கு வரி விதித்தது. ஆனால் எல்லாப் பொருள்களுக்கும் பொதுவான விற்பனை வரியை இந்தியாவில் முதன்முதலில் கொண்டுவந்தது 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டமே. அப்போது மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தவர் இராஜாஜி.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. கள், சாராயக் கடைகளிலிருந்து கிடைத்துவந்த வருவாய் அரசுக்கு நின்றுபோயிற்று. மதுவிலக்கைப் பிற மாவட்டங்களுக்கு விரிவாக்குவதாயின் அந்த இழப்பை ஈடுசெய்ய வேறொரு வழி வேண்டியிருந்தது. விற்பனை வரி அந்த வழியாக வந்தது. ஆண்டு விற்றுமுதல் 10,000 ரூபாய்க்கு உட்பட்ட வணிகருக்கு விலக்கு. பெரிய வணிகருக்கு அரை விழுக்காடு. நூறு ரூபாய்க்கு எட்டணா. இத்தனை சிறிய தொகையை எவரும் உணரமாட்டார் என்பதே அரசின் எண்ணம்.

ஆயினும் வணிகர்கள் அதனை எதிர்த்தனர். அந்த எதிர்ப்பில் நியாயமான ஒரு கூறும் இருந்தது. அந்த வரி பலமுனை வரி. பொருள் கைமாறும் ஒவ்வொரு முறையும் அது விதிக்கப்பட்டது. இறக்குமதியாளரிடமிருந்து மொத்த வணிகருக்கும், அவரிடமிருந்து நகரத்துக் கடைக்கும், அங்கிருந்து சிற்றூர்க் கடைக்கும், கடைசியில் வாங்குவோருக்கும் பொருள் செல்லும்போது நான்கு விற்பனை நிகழ்கிறது. நான்கு முறை அரை விழுக்காடு சேர்ந்தால் இரண்டு விழுக்காடாகிறது. நகரத்துப் பெருங்கடை மூலத்திடமே நேரே வாங்கினால் இரண்டு முறையோடு தப்பித்துக்கொள்ளும். சிற்றூர்க் கடையும் அதன் வாடிக்கையாளரும் நான்கு முறையையும் சுமக்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் எல்லோருக்கும் ஒரே விகிதம்; ஊரின் கடைக்கோடியில் அதுவே இரு மடங்கு. இந்த உண்மை 1939இல் மட்டுமன்று, அதன் பின்னும் பல வடிவங்களில் திரும்பத் திரும்பத் தோன்றுவதைக் காணலாம்.

அரை விழுக்காடு அவ்வாறே நிற்கவில்லை. பின்னாளில் அது ரூபாய்க்கு மூன்று தம்படி ஆயிற்று. 192 தம்படி கொண்ட ரூபாயில் மூன்று தம்படி என்பது ஒன்றரை விழுக்காட்டுக்குச் சற்று மேல். 1959இல் புதிய பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. பல பொருள்களுக்குப் பலமுனை வரி போய் ஒருமுனை வரி வந்தது, விகிதங்களும் உயர்ந்தன.

மதுவிலக்கோ 1971இல் நிறுத்திவைக்கப்பட்டு, 1974இல் மீண்டும் வந்து, 1981இல் மறுபடியும் நீங்கிற்று. எந்த நல்ல நோக்கத்துக்காக வரி வந்ததோ, அந்த நோக்கம் விலகிய பின்னும் வரி விலகவில்லை. இன்று மது விற்பனைமீது விதிக்கப்படும் வரியே மாநில வருவாயின் பெரிய தூண்களுள் ஒன்று. ஒரு வரி வரும்போது அதற்குச் சொல்லப்படும் காரணத்தைக் கேட்பதோடு, அந்தக் காரணம் தீர்ந்தபின் என்ன ஆகும் என்பதையும் கேட்க வேண்டும் என்பது இந்த வரலாறு கற்பிக்கும் முதல் பாடம்.

விகிதம் உயரும்போது கடையில் நிகழ்வது

2007 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி நடைமுறைக்கு வந்தது. வணிகர் தாம் வாங்கும்போது கொடுத்த வரியைத் தாம் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. பலமுனை வரியின் பழைய குறை இதனால் பெரிதும் நீங்கியது. 2011 ஜூலையில் அரசு நிதி நெருக்கடியைக் கூறி, நான்கு விழுக்காடாக இருந்ததை ஐந்தாகவும், பன்னிரண்டரை விழுக்காடாக இருந்ததைப் பதினான்கரையாகவும் உயர்த்தியது.

இத்தகைய உயர்வு அறிவிக்கப்படும் நாளில் ஒரு சிறு மளிகைக் கடையில் நிகழ்வதை எண்ணிப் பார்க்கலாம். கடைக்காரர் முதலில் செய்வது விலையை ஏற்றுவதன்று, தயங்குவது. எதிர்க்கடைக்காரர் ஏற்றுகிறாரா என்று பார்க்கிறார். நெடுநாள் வாடிக்கையாளரிடம் இரண்டு ரூபாய் கூடுதலாகக் கேட்க நாணுகிறார். பற்று நோட்டில் எழுதி வாங்கும் குடும்பங்களிடம் பழைய விலையிலேயே சில நாள் கொடுக்கிறார். அந்த நாள்களின் வரி உயர்வு அவருடைய சிறு இலாபத்திலிருந்து போகிறது. மளிகைச் சில்லறை வணிகத்தில் இலாபமே மெலிந்தது. அதில் ஒன்றோ இரண்டோ விழுக்காடு குறைவது சிறிய செய்தியன்று.

பெரிய உற்பத்தியாளருக்கு வேறு வழி உண்டு. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று அச்சிட்டு விற்கும் பொட்டலத்தின் விலையை அவர் மாற்றுவதில்லை. உள்ளே இருக்கும் எடையைச் சில கிராம் குறைக்கிறார். வாங்குவோர் கண்ணுக்கு விலை அவ்வாறே இருக்கிறது. சிறு கடைக்காரருக்கு இந்த வழி இல்லை. தராசில் வைத்துக் கொடுக்கும் பருப்பிலும் புளியிலும் எடையைக் குறைத்தால் அது திருட்டு. நேர்மையாக வணிகம் செய்பவருக்கு விலையை ஏற்றுவதும் இழப்பை ஏற்பதும் ஆகிய இரண்டே வழிகள் எஞ்சுகின்றன.

மூன்றாவதாக ஒரு தவறான வழியும் உண்டு. அது பட்டியல் இல்லாமல் விற்பது. வரி விகிதம் உயர உயர, பட்டியல் போடுபவருக்கும் போடாதவருக்கும் இடையே உள்ள விலை வேறுபாடும் உயர்கிறது. ஒரு விழுக்காடு வரியில் பட்டியல் இல்லாத கடையின் பொருள் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் மலிவு. பதினெட்டு விழுக்காட்டில் பதினெட்டு ரூபாய் மலிவு. வாடிக்கையாளர் எந்தக் கடைக்குச் செல்வார் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இவ்வாறு வரி உயர்வு நேர்மையாளரைத் தண்டித்து, ஏய்ப்பவருக்குப் பரிசளிக்கும் நிலை உண்டாகிறது. இது வெறும் பொருளாதாரக் கேடு அன்று. ஊரின் ஒழுக்கத்தைக் கெடுக்கும் கேடு.

எல்லைக்கோட்டு வணிகம்

2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நாடெங்கும் வந்தது. விகிதங்களை மன்றம் கூடி முடிவு செய்கிறது. மாநிலம் தனித்து மாற்ற இயலாது. மாநிலத்தின் கையில் விற்பனை வரியாக எஞ்சியவற்றில் முதன்மையானவை பெட்ரோல், டீசல், மது ஆகியவையே. ஆகவே பணம் தேவைப்படும்போது மாநிலங்களின் பார்வை எரிபொருள்மீது செல்கிறது.

2017 மார்ச்சில் தமிழ்நாட்டில் பெட்ரோல்மீதான வரி 27 விழுக்காட்டிலிருந்து 34 விழுக்காடாகவும், டீசல்மீதான வரி 21.43 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டன. ஓரிரவில் பெட்ரோல் லிட்டருக்கு 3 ரூபாய் 78 காசும், டீசல் 1 ரூபாய் 76 காசும் ஏறின. 2020 மே மாதத்தில், ஊரடங்கின் நடுவே, பெட்ரோலுக்கு 3 ரூபாய் 25 காசும் டீசலுக்கு 2 ரூபாய் 50 காசும் மீண்டும் உயர்ந்தன. 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரி லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டது. அதனால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசு அப்போது கூறியது. லிட்டருக்கு மூன்றே ரூபாய், ஆண்டுக்கு ஆயிரம் கோடிக்கு மேல்! ஏற்றும்போது சிறிதாகத் தோன்றும் தொகை மக்கள் கையிலிருந்து எவ்வளவாகத் திரள்கிறது என்பதை இதனால் உணரலாம்.

திண்டிவனம், விழுப்புரம், கடலூர்ப் பகுதி மக்களுக்கு மற்றொரு செய்தியும் நன்கு தெரியும். புதுச்சேரியில் எரிபொருள்மீதான வரி குறைவு; விலையும் குறைவு. புதுச்சேரியின் நிலப்பகுதியும் தமிழ்நாட்டு நிலப்பகுதியும் ஒன்றனுள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. ஒரே சாலையில் சிறிது தொலைவு சென்றால் விலை மாறுகிறது. எல்லைக்கு அருகே வாழ்பவர் அங்கே சென்று தொட்டியை நிரப்பிக்கொள்கிறார். வெளியூர் செல்லும் சரக்கு வண்டி ஓட்டுநரும் அவ்வாறே செய்கிறார்.

இதனால் இழப்பு யாருக்கு? எல்லைக்கு இப்பால் உள்ள எரிபொருள் நிலையத்துக்கு விற்பனை குறைகிறது. வண்டிகள் நிற்காத இடத்தில் பஞ்சர் ஒட்டும் கடைக்கும், தேநீர்க் கடைக்கும், அருகில் உள்ள பழக்கடைக்கும் வணிகம் குறைகிறது. இவர்களில் எவரும் எரிபொருள் விற்பவர் அல்லர். எவர்மீதும் அந்த வரி நேராக விதிக்கப்படவும் இல்லை. ஆயினும் வரி வேறுபாட்டின் விளைவு அவர்கள் கல்லாப்பெட்டியில் தெரிகிறது. ஓர் ஊரின் வரி பக்கத்து ஊரின் வரியைவிட உயரும்போது, பொருள் இருக்கும் இடத்தில் இருக்கிறது, வாடிக்கையாளர்தாம் நகர்ந்துவிடுகின்றனர்.

எல்லையிலிருந்து தொலைவில் உள்ள ஆரணிக்கோ வந்தவாசிக்கோ இந்த வாய்ப்பும் இல்லை. அங்கே டீசல் விலை ஏற்றம் உழவு டிராக்டரின் மணிக்கூலியில் சேர்கிறது. அறுவடை இயந்திரத்தின் வாடகையில் சேர்கிறது. மண்டிக்கு நெல் ஏற்றிச் செல்லும் வண்டியின் கூலியில் சேர்கிறது. மேலும், டீசலுக்குக் கொடுத்த இந்த வரியைச் சரக்கு மற்றும் சேவை வரியில் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. இரண்டும் வெவ்வேறு சட்டங்கள். ஆகவே 1939இல் வணிகர் கண்ட வரிமேல் வரி என்னும் குறை, எரிபொருள் வழியாக இன்றும் தொடர்கிறது.

இருபத்தைந்து கிலோச் சிப்பம்

அரிசிக்கு வருவோம் என்றே இந்த அவை காத்திருக்கும். சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, பதிவு செய்த வணிகப் பெயருடன் பொட்டலமிட்டு விற்ற அரிசிக்கு மட்டும் ஐந்து விழுக்காடு வரி இருந்தது. 2022 ஜூன் இறுதியில் சண்டிகரில் கூடிய மன்றம் அதை மாற்றியது. 2022 ஜூலை 18 முதல், வணிகப் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முன்கூட்டியே பொட்டலமிட்டு விவரச் சீட்டு ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு ஆகியவற்றுக்கு ஐந்து விழுக்காடு வரி வந்தது. எடை 25 கிலோ வரை உள்ள சிப்பத்துக்கு வரி உண்டு. அதற்கு மேற்பட்டால் இல்லை. உதிரியாக அளந்து கொடுத்தாலும் இல்லை.

மாநிலங்களுக்கு ஐந்தாண்டுகளாக வழங்கப்பட்ட வரி இழப்பீடு 2022 ஜூன் 30உடன் முடிந்தது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. மாநிலங்களுக்குப் பணம் தேவைப்பட்ட காலம் அது. ஐந்து விழுக்காட்டில் பாதி மாநிலத்துக்கும் பாதி மத்திய அரசுக்கும் சேரும்.

ஆலைகள் இதற்குக் கண்ட வழியை அனைவரும் அறிவர். சந்தைக்கு 26 கிலோச் சிப்பம் வந்தது. ஒரு கிலோ கூடியதனால் வரி நீங்கியது. சட்டத்துக்கு உட்பட்ட செயல்தான். குற்றம் கூற இயலாது. ஆனால் இதன் விளைவு அனைவருக்கும் ஒன்றாக இல்லை. மாதச் சம்பளம் கைக்கு வந்தவுடன் 26 கிலோச் சிப்பத்தை மொத்தமாக வாங்கும் குடும்பத்துக்கு வரி இல்லை. ஐந்து கிலோ, பத்து கிலோப் பையாக வாங்கும் குடும்பத்துக்கு வரி உண்டு. மொத்தமாக வாங்க முடியாதவரே சிறு பையை வாங்குகிறார். முதியவர் இருவர் மட்டும் வாழும் வீடும், வாடகை அறையில் தங்கி வேலை பார்க்கும் இளைஞரும் சிறு பையையே நாடுகின்றனர். சட்டம் அவர்களைக் குறிவைத்து எழுதப்படவில்லை; எனினும் வரி அவர்களிடமே சென்று சேர்ந்தது.

உதிரி அரிசிக்கு விலக்கு உண்டே என்று கேட்கலாம். சிற்றூர்க் கடைக்காரர் 25 கிலோச் சிப்பத்தை வரி கொடுத்து வாங்கிப் பிரித்து, உதிரியாக விற்றால், அவர் விற்கும்போது வரி இல்லை. வரி இல்லாத விற்பனை என்பதனால், வாங்கும்போது கொடுத்த வரியை அவர் கழித்துக்கொள்ளவும் முடியாது. அது விலையில் கலந்துவிடுகிறது. அதனைத் தவிர்க்க அவர் 50 கிலோ மூட்டையாக வாங்க வேண்டும். அதற்கு முதலும் இடமும் வேண்டும். சுமை தூக்க ஆளும் வேண்டும். பெருங்கடைக்கு இவை மூன்றும் உண்டு.

சிறிய அரவை ஆலையின் நிலை இன்னும் நுணுக்கமானது. நெல்லுக்கு வரி இல்லை. ஆகவே ஆலையார் தம் பெருஞ்செலவான நெல் கொள்முதலில் கழித்துக்கொள்ளத்தக்க வரி எதுவும் கொடுத்திருக்கமாட்டார். சாக்கு, உதிரிப் பாகங்கள் போன்றவற்றில் கொடுத்த சிறு தொகையே வரவாக நிற்கும். விற்கும் சிப்பத்தின் ஐந்து விழுக்காட்டில் பெரும்பகுதியை அவர் ரொக்கமாகச் செலுத்த வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டாக, கிலோ 50 ரூபாய் வீதம் 25 கிலோச் சிப்பம் 1,250 ரூபாய் என்று கொள்க. ஒரு சிறிய ஆலை மாதம் 800 சிப்பம் விற்கிறது. விற்பனை பத்து இலட்சம், வரி ஐம்பதாயிரம். மாதந்தோறும் கணக்குச் செலுத்துபவராயின் அடுத்த மாதம் 20ஆம் நாளுக்குள் அதைக் கட்ட வேண்டும். கடைக்காரர்களோ 45 நாள் கடனுக்குச் சரக்கு எடுக்கின்றனர். வசூலாகாத பணத்துக்கு வரியைக் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். கைப்பணம் இல்லையேல் வட்டிக்கு வாங்க வேண்டும். நாள் தவறினால் அதற்கு வட்டியும் தாமதக் கட்டணமும் உண்டு. வங்கியில் ரொக்கக் கடன் வசதி பெற்ற பெரிய ஆலைக்கு இது ஒரு கணக்குப் பதிவு. களம்பூரிலோ ஆரணியிலோ தந்தையும் மகனுமாக நடத்தும் சிறிய ஆலைக்கு இது தூக்கமில்லா இரவு. இத்தகைய ஆலைகளின் பிள்ளைகள், படித்து முடித்தவுடன் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குச் செல்வதையே விரும்புகின்றனர் என்றால், அவர்கள் தொழிலை வெறுக்கின்றனர் என்று பொருளில்லை. தந்தையார் பட்ட பாட்டைக் கண்டிருக்கின்றனர்.

சலுகைக்குள் இருக்கும் இடர்

சிறு வணிகர்க்குச் சட்டம் சில பாதுகாப்புகளை அளித்திருக்கிறது. பொருள் மட்டும் விற்கும் வணிகர்க்கு, தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 இலட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. அண்டையில் உள்ள புதுச்சேரியில் இந்த வரம்பு 20 இலட்சமே. எரிபொருளில் நன்மை பெறும் புதுச்சேரி, இதில் தன் சிறு வணிகரை முன்னதாகவே வலைக்குள் கொண்டுவருகிறது.

அடுத்தது, வணிகர்கள் காம்போசிஷன் என்று வழங்கும் திட்டம். ஒன்றரைக் கோடி வரை விற்றுமுதல் உள்ள வணிகர், தம் வரிக்குரிய விற்பனையில் ஒரு விழுக்காட்டை மூன்று மாதத்துக்கு ஒரு முறை செலுத்தினால் போதும். கணக்குச் சுமை குறைவு. ஆனால் அந்த ஒரு விழுக்காட்டை வாடிக்கையாளரிடம் தனியே வாங்கக் கூடாது. வாங்கிய சரக்கில் கொடுத்த வரியைக் கழிக்கவும் கூடாது. இரண்டும் அவர் இலாபத்திலிருந்தோ விலையிலிருந்தோதான் வர வேண்டும்.

வரி உயர்வு மட்டுமன்று, வரிக் குறைப்பும் இவர்களைத் தாக்கக் கூடும் என்பது 2025 செப்டம்பர் 22 அன்று தெரிந்தது. சோப்பு, பற்பசை, தலையெண்ணெய், பிஸ்கட்டு போன்றவற்றின் வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்த நன்னாள் அது. குடும்பங்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் முந்தைய வாரம் 50,000 ரூபாய்ச் சரக்கை 9,000 ரூபாய் வரி கொடுத்து வாங்கி அடுக்கிய கடைக்காரரை நினைத்துப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் புதிய விலையைக் கேட்கிறார். வழக்கமான பதிவு பெற்றவருக்கு அந்த 9,000 ரூபாய் வரவாகக் கணக்கில் நிற்கும். மெல்ல மெல்லக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷனில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. நிறுவனமோ மொத்த வணிகரோ ஈடு கொடுத்தால் உண்டு, இல்லையேல் நட்டம். விகிதம் எத்திசையில் மாறினாலும், மாற்றத்தின் செலவு கிடங்கில் சரக்கு வைத்திருக்கும் கடைசிக் கையில் தங்குகிறது.

குடும்பத்தின் கணக்கு

மாதம் இரண்டு சிப்பம் அரிசி செலவாகும் ஒரு கூட்டுக் குடும்பம், முன் சொன்ன விலையில், வரியாக 125 ரூபாய் கொடுக்கிறது. ஆண்டுக்கு 1,500 ரூபாய். வீட்டு வருமானம் மாதம் ஓர் இலட்சமாயின், இது நூறு ரூபாய்க்குப் பன்னிரண்டரைக் காசு. வருமானம் பதினைந்தாயிரமாயின் நூறு ரூபாய்க்கு ஏறத்தாழ 83 காசு. ஒரே அரிசி, ஒரே வரி. சுமை ஆறு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. வருமான வரியில் வசதி மிக்கவருக்கு விகிதம் உயர்கிறது. விற்பனை வரி வாங்குபவரின் நிலையைக் கேட்பதில்லை. ஆகவேதான் உணவுப் பொருள்மீது கை வைக்கும்போது அரசுகள் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

நியாயவிலைக் கடையில் 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுவது தமிழ்நாட்டு ஏழைக் குடும்பங்களுக்குப் பெரும் காப்பு என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். அந்த அரிசியை வாங்கித் தரும் பணத்திலும், பள்ளிப் பிள்ளைகளின் காலை உணவிலும் மதிய உணவிலும், அரசு மருத்துவமனை மருந்திலும் விற்பனை வரியின் பங்கு இருக்கிறது. வரியே வேண்டாம் என்று கூறுவது பொறுப்பற்ற பேச்சு. எங்கே விதித்தால், எவர்மீது, எவ்வளவு இறங்கும் என்று எண்ணி விதிக்க வேண்டும் என்பதே பொறுப்புள்ள கோரிக்கை.

செய்யத்தக்கவை

முதலாவது, வாங்குவோர் செய்யத்தக்கது. பட்டியல் கேட்டு வாங்க வேண்டும். பட்டியல் இல்லாமல் பத்து ரூபாய் குறைத்துக் கொடுப்பவரிடம் செல்லும்போது, நேர்மையாகக் கடை நடத்தும் தம் உறவினர் ஒருவரின் பிழைப்பையே அவ்வாடிக்கையாளர் குறைக்கிறார். காம்போசிஷன் கடையில் வரி தனியே எழுதப்படாது என்பதையும் அறிந்திருத்தல் நலம். அங்கே வரி எங்கே என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டியதில்லை.

இரண்டாவது, வசதியுள்ள வணிகர் செய்யத்தக்கது. சிறிய ஆலைக்கும் சிறிய உற்பத்தியாளருக்கும் தர வேண்டிய பணத்தை உரிய நாளில் தர வேண்டும். குறைந்த அளவு, பட்டியலில் உள்ள வரித் தொகையையாவது அவர் கட்ட வேண்டிய நாளுக்கு முன் தந்துவிட்டால், ஒரு சிறு தொழில் வட்டிக்கடையின் வாசலுக்குப் போகாமல் தப்பும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, மனம் போதும்.

மூன்றாவது, சங்கங்களும் அறக்கட்டளைகளும் செய்யத்தக்கது. கணக்கியல் படித்த இளைஞர்கள் இந்தச் சமுதாயத்தில் பலர் இருக்கின்றனர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் ஊரில் அமர்ந்து, சிறு கடைக்காரர்களுக்குப் பதிவு வேண்டுமா வேண்டாமா, காம்போசிஷன் நன்மையா அன்றா, எந்த நாளுக்குள் எதைச் செலுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால், தாமதக் கட்டணமாகப் போகும் பணம் வீட்டில் தங்கும்.

நான்காவது, அரசிடம் கேட்கத்தக்கது. சிறு பை அரிசிக்கு வரி, பெரிய சிப்பத்துக்கு விலக்கு என்னும் வேறுபாட்டை நீக்க வேண்டும். சிறு ஆலைக்குப் பணம் வசூலான பின் வரி செலுத்தும் வசதி வேண்டும். விகிதம் மாறும்போது கையிருப்புச் சரக்குக்குச் சிறு வணிகர்க்கு உரிய ஈடு வேண்டும். இவற்றைக் கூச்சலின்றி, கணக்கோடு எழுதிக் கேட்க வேண்டும். ஓர் ஆலையின் ஓராண்டுக் கணக்கு, பத்துக் கண்டன முழக்கங்களைவிட மன்றத்தில் எடுபடும்.

1939இல் நூறு ரூபாய்க்கு எட்டணா என்று தொடங்கிய வரி, எண்பது ஆண்டுகளுக்கு மேல் பல பெயர்களைப் பூண்டு வந்திருக்கிறது. பெயர் மாறிய ஒவ்வொரு முறையும், முன்னே தள்ளவும் இயலாமல் பின்னே கழிக்கவும் இயலாமல் கடைசியில் நின்றவர் சிற்றூர்க் கடைக்காரரும், அவரிடம் சிறுகச் சிறுக வாங்கும் குடும்பமுமே. அடுத்த வரி மாற்றம் அறிவிக்கப்படும் நாளில், விகிதம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், தம் தெருமுனைக் கடைக்கு அது என்ன செய்யும் என்றும் ஒவ்வொருவரும் கேட்பாராக. அந்தக் கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுமாயின், இந்த மாலைப்பொழுது பயனுள்ளதாகும்.